தலைமாட்டை உயர்த்தி

ஜூன் 2, திங்கள்

நாளையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சாப்பாட்டுக்கூடத்திலேயே இருக்க வேண்டுமாம். பாதுகாப்புப் பயிற்சி. கட்டாயம். வராதவர்கள் வேலையை மறந்துவிடலாம் என்று மேலாளர் கிருபாகரன் சார் கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்துச் சொன்னார். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இந்த இல்லத்தில் அவர் எங்கள் யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை.

"நாலு வருசமா தூக்குறேன், குளிப்பாட்டுறேன், பீ அள்ளுறேன். இப்ப வந்து சொல்லித்தாராகளாம்" என்றாள் பாண்டியம்மாள் அக்கா. என் அறையில் எனக்கு எதிர்க்கட்டில் அவளுடையது. "ஏன் மேகலா, பரீட்சை வெச்சா எனக்குக் காட்டுவியா?"

காட்டுகிறேன் என்றேன். நாளெல்லாம் நான் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜூன் 3, செவ்வாய்

பயிற்சி கொடுப்பவர் ஹெப்சிபா மேடம். நாகர்கோவில்காரர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று கை கழுவுவதைச் சொல்லித்தந்தார். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி. எல்லோரும் வெறும் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். யாரோ இறந்த வீட்டிலிருந்து வந்து தண்ணீர் வராத குழாயடியில் காத்திருப்பவர்கள் போல இருந்தது.

வெயில் கொளுத்துகிறது என்று சார் எல்லோருக்கும் இளநீர் வரவழைத்தார். என்னுடையதையும் பாண்டியம்மாள் அக்காதான் குடித்தாள். எனக்கு இளநீர் பிடிக்காது.

மாலையில் சங்கையா ஐயாவின் படுக்கை விரிப்பை மாற்றினேன். ஜன்னலோரக் கட்டில் அவருடையது. ரோடு ரோலர் ஓட்டியவர். பக்கவாதம் வந்ததில் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விழுங்க முடியாது, மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. ஒரே ஒரு சொல் மட்டும் அவரிடம் எப்படியோ தங்கிவிட்டது. ஊசி போட்டாலும், புரட்டிப் படுக்க வைத்தாலும், நான் வணக்கம் சொன்னாலும் அதே சொல்தான்.

"மெதுவா."

ரோலருக்கு முன்னால் ஜல்லி கொட்டும் ஆட்களிடம் நாள் முழுக்க அதைத்தான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அவருக்கு அதற்குப் பொருள் இருக்கிறதா, வெறும் பழக்கமா என்று டாக்டரைக் கேட்டேன். பழக்கம்தான் என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் எழுதத் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

தலையணை உறைகள் வெளுத்தேன். மழை வருவதுபோல வந்து ஏமாற்றியது.

ஜூன் 5, வியாழன்

இன்றைய வகுப்பை முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

மேடம் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இடுப்புவரைதான் இருக்கும், வாய் திறந்திருக்கும். அதன் தொண்டையை இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வழி. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நெஞ்சுக்கு.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன மூடிதான் மக்களே. பக்கவாதம் வந்தவியளுக்கு அந்த மூடி சொன்னபடி கேக்காது. மல்லாக்கப் படுக்க வெச்சு ஒரு கரண்டி தண்ணி ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போவும். சில பேரு இருமக்கூட மாட்டாவ. பாக்கதுக்கு நல்லா குடிச்ச மாதிரியே இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும்."

"அப்பறம்?" என்றாள் பாண்டியம்மாள் அக்கா.

"அப்பறம் என்ன. வயசாயிட்டுன்னு சொல்லிருவாவ."

முதலில் தலைமாட்டை உயர்த்து. ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கட்டும். தாடை நெஞ்சைப் பார்க்க இருக்கட்டும். குழாய் போட்டவருக்கு வாய் வழியாக எதுவுமே கூடாது. எங்களை ஒவ்வொருவராக அழைத்துப் பொம்மையை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். கட்டில் வசதி இல்லாத இடத்தில் நாமே பின்னால் உட்கார்ந்து முதுகு கொடுக்கலாம் என்று செய்தும் காட்டினார்.

பாண்டியம்மாள் அக்கா பொம்மையின் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரு ஒருநாளும் இம்புட்டு அமைதியா எம்மேல சாஞ்சதில்ல மேடம்" என்றாள். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், பிளந்த தொண்டையைப் பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள். "எங்க ஊருல ரொம்ப நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்தி, இளநீ குடுத்து, அப்பறம் சொந்தபந்தமெல்லாம் வரிசையாப் பால் ஊத்துவாக. ரெண்டு நாள்ல போயிருவாக. சாமி கூப்டுக்கிருச்சும்பாக."

மேடம் பொம்மையின் தொண்டையைச் சேர்த்து மூடினார். பிறகு முதியோர் உதவி எண்ணைப் பலகையில் எழுதி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சங்கையா ஐயாவின் மகன் வந்திருக்கிறார். ஜெயபால், மஸ்கட்டில் கட்டட வேலை. இதுவரை போனில் மட்டும் பார்த்த முகம், நேரில் இன்னும் ஒடுங்கி இருக்கிறது. கூடவே வந்த தங்கை தனத்தை எனக்குத் தெரியும், மாதம் ஒருமுறை வருவார்.

ஜெயபால் அப்பாவின் செயலற்ற கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அப்பா, நான்தான். தெரியுதா?"

"மெதுவா" என்றார் ஐயா.

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

நேற்று முடித்த நாவலில் ஒருவர் சாக நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கிறார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பணக்காரர்.

ஜூன் 9, திங்கள்

ஜெயபாலுக்கு வரும் ஞாயிறு மாலை விமானம். காலையில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப இருக்கும் டாக்டர்? ஒரு தோராயமா?"

"நல்லா பாத்துக்கிட்டா இப்படியே ஒரு வருசம் ரெண்டு வருசம்கூட இருக்கலாம்" என்றார் டாக்டர். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். ஜெயபால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் வகுப்பு: ஈரத் தரை, வழுக்கல், கழிவறைக் கைப்பிடி.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் ஜெயபாலும் தனமும் அவர்களுடைய சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா கையில் ஒரு தூக்குவாளி. தனம் மடியிலிருந்து ஒரு வெள்ளிப் பாலாடையை எடுத்தார், குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம். அண்ணன் தங்கை இருவருமே அதில் குடித்து வளர்ந்தவர்களாம்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒரு வாய் பால் ஊத்திட்டுப் போறேன்மா. என் மனசுக்கு" என்றார் ஜெயபால் என்னிடம்.

குழாய் போட்டிருக்கிறது, வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்றேன். சித்தப்பா கிருபாகரன் சாரை அழைத்து வந்தார். சார் ஐயாவின் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னார். "பெத்த பிள்ளை ஆசைப்படுறாரு. ஒரு வாய்தானே மேகலா."

நான் மறுக்கவில்லை. கட்டிலின் பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். தலைமாடு உயர்ந்தது. ஐயாவை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, தாடையை இறக்கி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, கன்னத்துக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். ஜெயபால் ஊற்றிய பால் கடைவாய் வழியாக இறங்கித் துண்டில் ஊறியது. தனமும் ஊற்றினார். அதுவும் துண்டுக்கே போனது.

சித்தப்பா மட்டும் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்குக் கை ரொம்பத்தான் நீளுது" என்றார்.

துண்டை நானே அலசினேன்.

ஜூன் 11, புதன்

ஐயாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். சித்தப்பாவின் ஏற்பாடு. "கொஞ்ச நாள் சொந்த வீட்டுல இருக்கட்டும்."

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் எதற்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் நினைப்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்போலக் கேட்டது.

"கொண்டாந்து விட்டவங்களே கூட்டிட்டுப் போறாங்க. நாம யாரு கேக்குறதுக்கு?" என்றார் மேசையைப் பார்த்து. "வகுப்புக்குப் போனதுலருந்து எல்லாருக்கும் டாக்டருனு நெனப்பு."

வேனில் ஏற்றும்போது கைகளைக் கோத்து, முழங்காலை மடக்கி, சொல்லித்தந்தபடியே தூக்கினோம். மூக்குக் குழாயைப் பத்திரமாக ஒட்டியிருந்தேன். "மெதுவா" என்றார். மெதுவாகத்தான் ஏற்றினோம்.

ஜூன் 12, வியாழன்

தீயணைப்பு வகுப்பு. முதலில் சிலிண்டரின் ஊசியை இழு, நெருப்பின் அடியைப் பார்த்து அடி. ஜன்னலோரக் கட்டிலுக்கு விரிப்பு போடவில்லை.

ஜூன் 14, சனி

பாண்டியம்மாள் அக்கா விசாரித்துவிட்டு வந்தாள். அந்த ஊரில் அவளுக்குச் சொந்தக்காரி ஒருத்தி உண்டு. "நேத்து எண்ணெ வெச்சுத் தலைக்கு ஊத்திட்டாகளாம். அண்டா நெறையப் பச்சத்தண்ணி. கொழாயயும் எடுத்தாச்சாம்." ஜடையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அந்தாளு பிளேன் ஏறணும். அதுக்குள்ள முடிச்சிரணும்னு நிக்கிறாக. விடு மேகலா. அது அவுக குடும்பம்."

விட்டுவிட்டேன் என்றேன்.

துணி காயப்போடும் இடத்துக்குப் போய் முதியோர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எழுதிக்கொள்ளாவிட்டாலும் எண் மனப்பாடமாக இருந்தது. ஒரு பெண் எடுத்து, நீங்கள் யார், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றாள். நல்ல குரல். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

வார விடுப்பு. திருமங்கலம் போய், உள்ளே போகிற மினி பஸ்ஸைப் பிடித்தேன். சீருடையிலேயே போனேன். ஐயாவின் போர்வை ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது, அதைத் திருப்பித் தர வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் செருப்புகள். முற்றத்து மூலையில் வெட்டிய இளநீர்க் கூடுகள் குவிந்திருந்தன. வாய்ப்பக்கம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்றவருக்கு வெட்டியபோது அடுக்கியவள் நான். அழகாக அடுக்கியிருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போது எனக்குப் பத்து வயதுகூட இல்லை.

ஐயா கூடத்தில் கோரைப்பாயில் மல்லாந்து கிடந்தார். தலையில் எண்ணெய் மினுமினுத்தது. மூச்சில் குறட்டை மாதிரி ஒரு சத்தம், குறட்டை இல்லை. சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஜெயபால் கையில் பாலாடை.

"வாங்கம்மா" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க இம்புட்டு நாள் பாத்துக்கிட்டவுக. நீங்களும் ஒரு வாய் ஊத்துங்க."

பாலாடையை வாங்கினேன். அதைத் தரையில் வைத்தேன். ஐயாவின் தலைப்பக்கம் போய், தோளுக்கு அடியில் கைகொடுத்து நிமிர்த்தி, சுவரில் என் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவரை என்மேல் சாய்த்துக்கொண்டேன். தாடையை நெஞ்சுக்கு இறக்கினேன். ஒரு பெரிய இருமல் வந்து என் சட்டை நனைந்தது.

"என்னம்மா பண்ற?" என்றார் சித்தப்பா.

"படுத்தா மூச்சு முட்டும். நான் தாங்கிக்கிறேன்."

"எம்புட்டு நேரத்துக்கு?"

ஐயாவின் வாயோரத்தைப் போர்வை நுனியால் துடைத்தேன்.

"சம்பளத்துக்கு வந்த பிள்ள சம்பந்தி மாதிரில உக்காந்துக்கிருச்சு" என்று ஒரு கிழவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி என் சாதியைக் கேட்டாள். சித்தப்பா என் தோளைப் பிடித்து இழுக்கக் குனிந்தார்.

"தொடாதீக சித்தப்பா" என்றார் தனம். சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இருந்துட்டுப் போகட்டும். சத்தம் போட்டா ஊரே வந்து என்னன்னு கேக்கும்."

அதன்பிறகு யாரும் என்னைத் தொடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்குப் போனார்கள். எனக்கு முதுகு மரத்தது, பிறகு எரிந்தது. ஐயாவின் பின்தலை என் தோளெலும்பில் கிடந்தது. எண்ணெயும் பாலும் கலந்த வாடை. தண்ணீர் கொண்டுவந்து தந்தது தனம்தான். எனக்கு மட்டும்.

வெயில் தாழ ஜெயபால் எதிரில் வந்து உட்கார்ந்தார். பயணச்சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையாதது.

"என்னயக் கெட்டவன்னு நெனைக்கிறீக."

"இல்லண்ணே."

"நெனைங்க. பரவால்ல." பாலாடையை எடுத்துக் கையில் உருட்டினார். "எங்கம்மா செத்தப்ப எனக்கு லீவு குடுக்கல. போன்ல பாத்தேன். எவனோ பங்காளி கொள்ளி வெச்சான். அவன் போனு எங்கயோ சாஞ்சிருச்சு, கடைசில எங்கம்மாவக்கூடப் பாக்கல, அவன் காலத்தான் பாத்தேன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு. இவருக்காச்சும் நான் வைக்கணும்னு..." உருட்டுவதை நிறுத்தினார். "அவரா பேச முடிஞ்சா அவரே கேப்பாரும்மா, என்னய அனுப்பி விடுன்னு. உங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும். எனக்குத் தெரிந்தது பிளந்த ரப்பர் தொண்டை ஒன்று, அதற்குள் இரண்டு வழி. ஐயாவின் மூச்சை என் நெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது விட்டுப்போகும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

வாசலில் கார் ஒலி எழுப்பியது. ஜெயபால் எழுந்தார். குனிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டார். அப்படியே நெற்றியை அதன்மேல் வைத்து நெடுநேரம் இருந்தார். கார் மறுபடி கூப்பிட்டது.

"மெதுவா" என்றார் ஐயா.

ஜெயபால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பாலாடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கார் சத்தம் மறைந்த பிறகு தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதார். "இனி என்ன செய்ய?"

"திரும்பக் கொண்டாந்து விடுங்கக்கா. நாளைக்கே."

ஐயாவைச் சுவரோடு தலையணைகளில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் தனத்தின் கணவர் டூவீலரில் கொண்டுவந்து விட்டார்.

ஜூன் 16, திங்கள்

ஐயா வந்துவிட்டார். ஜன்னலோரக் கட்டில். தலைமாடு உயர்த்தி. புதுக் குழாய்.

காய்ச்சல்.

ஜூன் 17, செவ்வாய்

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இரண்டு பக்க நுரையீரலிலும் இறங்கியிருக்கிறது என்றார். நான் போவதற்கு முன்பே எத்தனை பேர் ஊற்றியிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தனமும் சொல்லவில்லை.

வீட்டில் போய்ப் பிரச்சினை செய்ததாகச் சித்தப்பா சாருக்குப் போன் செய்திருக்கிறார். ஒருமுறை மன்னிக்கிறேன் என்றார் சார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

காலையில் முகம் துடைத்துவிட்டேன். தலையணையை மாற்ற நிமிர்த்தினேன். எப்போதும் சொல்கிற இடத்தில் அவர் சொல்லவில்லை. கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நர்சைக் கூப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பாண்டியம்மாள் அக்கா ஐயா வீட்டுச் சாவுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். பங்காளிகள் முறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க, தனமே கொள்ளி வைத்தாராம். மஸ்கட்டுக்குக் காட்டுவதற்காக ஒருத்தர் கடைசிவரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "கை ஆடாமப் பிடிடான்னு தனம் அதட்டுச்சு" என்றாள்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "நீ போகாம இருந்திருந்தா அந்தாளு ஞாயித்துக்கெழமயே வெச்சுட்டு நிம்மதியாப் போயிருப்பான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நீ போனது சரிதான்" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

ஜூன் 21, சனி

தேர்வு. பொம்மையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து அதை என்மேல் சாய்த்துக்கொண்டேன். எடையே இல்லை.

"பாத்தியளா, இப்பிடித்தான் செய்யணும்" என்று மேடம் மற்றவர்களிடம் சொன்னார். "போதும் மக்களே, எழும்பு." எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

ஜூன் 22, ஞாயிறு

மாலையில் ஜெயபால் அழைத்தார். தனத்திடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம், இந்தியில் யாரோ கத்துகிற சத்தம்.

திட்டுவார் என்று நினைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதன்பிறகு, "கடைசில நீங்கதான் கூட இருந்தீகளாம். ஏதும் சொன்னாராம்மா?" என்றார்.

"உங்க பேரச் சொன்னாருண்ணே" என்றேன்.

இயந்திரம் நின்றது. அல்லது அவர் வேறெங்காவது தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"அவருக்கு அந்த ஒரு வார்த்தைதானம்மா இருந்துச்சு" என்றார்.

நான் போனைத் துண்டிக்கவில்லை, அவரும் துண்டிக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருடையது சீராக இருந்தது, சளி இல்லாமல்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு நாளை ஒரு புது ஆள் வருகிறார். விரிப்பு போட்டுவிட்டு வந்தேன். ஆள் வருவதற்கு முன்பே தலைமாட்டை உயர்த்தி வைத்திருப்பதைப் பார்த்து, இதை யார் செய்தது, கைப்பிடியைச் சுற்றினால் இறங்குகிற கட்டில்தானே, இறக்கி வையுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார் சார்.

நான் இறக்கவில்லை.